சளியில் மார்க்கர் பார்த்தால் ஸ்கேன் தேவையில்லையா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. முப்பது வருடம் பீடி பிடித்தவர், விட்டு நான்கு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக இருமல். சளி டெஸ்டில் டி.பி. இல்லை என்று வந்துவிட்டது. அதே சளியில் கேன்சர் மார்க்கர் (புற்றுநோயைக் காட்டும் அடையாளம்) பார்த்தால் போதும், ஸ்கேன் எதற்கு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

பதில்: அந்த டி.பி. ரிப்போர்ட்டில் ஆரம்பிக்கிறேன். கிருமி அகப்படவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். புற்றுநோய் செல்லை அந்த டெஸ்டில் யாரும் தேடுவதில்லை. இது தெரியாமல் 'சளி நார்மல்' என்று நிம்மதியாகி, மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பவர்கள் உண்டு.

மார்க்கர் யோசனை அபத்தமானதல்ல. மூச்சுக்குழாயின் உள்தோலிலிருந்து உதிரும் செல்கள் சளியோடு வெளியே வரும். அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை. 1970-களில் அமெரிக்காவில் புகைப்பவர்களுக்கு எக்ஸ்-ரேயோடு இதையும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள், இறப்பு குறையவில்லை. அப்புறம் கவனம் மரபணுப் பக்கம் திரும்பியது. பி16 என்ற மரபணு, செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பிரேக் மாதிரி. அது மெத்திலேஷன் என்ற ரசாயன மாற்றத்தால் அணைந்துபோன அடையாளம், சிலருடைய சளியில் நோய் தெரிவதற்கு மூன்று வருடம் முன்பே இருந்ததாக 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. கேட்கவே உற்சாகமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் புற்றுநோயே இல்லாத, புகைபிடிப்பவர்கள் சிலரிடமும் அதே மாற்றம் தென்படுகிறது. புகை பட்ட உள்தோலில் இப்படி நடக்கத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல், கட்டி இருக்கும் இடம். பெரிய மூச்சுக்குழாய்களில் வரும் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய், சளியில் செல்களை உதிர்க்கும். நுரையீரலின் ஓரத்தில் வளரும் அடினோகார்சினோமா என்ற வகை அவ்வளவாக உதிர்க்காது. இப்போது அதிகம் பார்ப்பதோ இந்த வகையைத்தான். அதனால் மார்க்கர் 'இல்லை' என்று வந்தாலும் உங்கள் அப்பாவின் இருமலுக்கு அது பதிலாகாது. ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ. என்ற மார்க்கரும் நம்பகமானதல்ல, புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே கூடியிருக்கும்.

சரி, என்ன செய்வது? நெஞ்சுநோய் மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்-ரே எடுக்கச் சொல்வார். அது நன்றாக இருந்தாலும் சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள், ஏனென்றால் இதயத்துக்குப் பின்னால் இருக்கும் சிறு கட்டி எக்ஸ்-ரேயில் தப்பிவிடும். குறைந்த கதிர்வீச்சு சி.டி., புகைப்பவர்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைத்ததாக 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அது தொந்தரவே இல்லாதவர்களுக்கான ஸ்கிரீனிங். அப்பாவுக்கு இருமல் இருப்பதால் முழு சி.டி.தான் பொருத்தம். கட்டி தெரிந்தால் சதை எடுத்துப் பார்ப்பார்கள்; எந்த மாத்திரை வேலை செய்யும் என்று சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணுச் சோதனைகளுக்கும் அந்தச் சதைதான் முக்கியம்.

இடையில் புற்றுநோய் செல் தேட மருத்துவர் சளி கேட்டால் ஒழுங்காகக் கொடுக்கச் சொல்லுங்கள். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று நாள் கேட்பார்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. நுரையீரலின் தூசி தின்னும் செல்கள் இருக்கின்றனவா என்று பார்த்தே, அது நெஞ்சுச்சளியா என்று லேபில் முடிவு செய்வார்கள்.

சளியில் ரத்தம், குரல் கரகரப்பு, எடை இறக்கம், விரல் நுனி உருண்டுபோவது, இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். பழைய எக்ஸ்-ரே ஏதாவது அலமாரியில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். இப்போது தெரியும் நிழல் அன்றும் இருந்ததா என்பது மருத்துவருக்குப் பெரிய துப்பு.