யூரியா போட்டும் நெல் பச்சை திரும்பாதது ஏன்?

மலேசியாவின் பாகான் செராய் அருகே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டு நிலத்தில் விதைத்த நெல் திட்டுத் திட்டாக மஞ்சளாகிவிட்டது என்றும், யூரியா போட்டும் தேறவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இலையைப் பார்த்து உரக் குறை என்று முடிவு கட்டாமல், ஒரு பயிரை மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் நுனி தூண்டில் முள்ளைப் போல வளைந்து வீங்கியிருந்தால், அது பெரும்பாலும் மெலாய்டோகைன் கிராமினிகோலா என்னும் வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இளம்புழு, வேர் நுனிக்குச் சற்று மேலே துளைத்து நுழைந்து, சாறு கடத்தும் திசுவை அடைந்து, ஊசி போன்ற வாயால் தன் சுரப்பை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. அவை முழுமையாகப் பிரியாமலே உட்கரு பெருகி, பல உட்கருக்கள் கொண்ட இராட்சத உயிரணுக்களாகி, புழுவுக்கு உணவூட்டுகின்றன; பயிரே தன் எதிரிக்குச் சமையற்கட்டு அமைத்துக் கொடுக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். நீரையும் சத்தையும் மேலேற்ற வேண்டிய வேர் முடங்கிய பிறகு, யூரியாவால் என்ன பயன்?

வயலில் நீர் தேங்கியிருந்தால் புதிய புழுக்கள் வேருக்குள் நுழைவது வெகுவாகக் குறையும். ஆனால் பெண்புழு முட்டைகளை முடிச்சுக்குள்ளேயே இடுவதால், ஏற்கெனவே உள்ளே இருப்பவை வெள்ளத்திலும் பிழைத்துவிடும். ஆகவே நாற்றுப் பருவத்திலிருந்தே வயலில் நீரைத் தேக்கி வைப்பதும், இப்புழுவுக்கு இடம் கொடுக்கும் குதிரைவாலி இனப் புற்களைக் களைவதும் மருந்தைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஆப்பிரிக்க நெல்லினமான ஒரைசா கிளாபெரிமாவில் எதிர்ப்புத்திறன் உண்டு. அதை நம் ஆசிய நெல்லுக்கு மாற்றுவது எளிதாக இல்லை.