ராமனின் தலை ஏன் தப்பியது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நகரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. நான்காவது படிக்கிற மகனுக்குத் தமிழ் வாசிப்புப் பழக்க வேண்டும் என்று தெனாலிராமன் கதைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். தூங்கும் முன் தினம் ஒரு கதை. போன வாரம் திடீரென்று கேட்டான், "ராஜாவை இத்தனை தடவை ஏமாத்துறானே, ராஜா ஏம்மா அவன் தலையை வெட்டல?" அவன் புத்திசாலி, அதான் என்றேன். "அப்ப மத்த மந்திரிங்க எல்லாம் முட்டாளா?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

என் மாமனார் ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர். "தெனாலி ராமகிருஷ்ணர் மகாகவி. அவரைக் கோமாளி ஆக்கியது நீங்கள்தான்" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பொய், திருட்டு, ஏமாற்று என்று நிறைந்திருக்கும் இந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்ற சந்தேகமும் இருக்கிறது. உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள ஆசை.

ரா.,
நகரி

அன்புள்ள ரா.,

முதலில் மாமனார். அவர் சொல்வதில் பாதி சரி. தெனாலி ராமகிருஷ்ணர் எழுதிய 'பாண்டுரங்க மாகாத்மியம்' தெலுங்கின் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக வைக்கப்படுவது. அதை அவர் கிருஷ்ணதேவராயருக்குச் சமர்ப்பிக்கவில்லை, விரூரி வேதாத்ரி என்பவருக்குச் சமர்ப்பித்தார். ராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. இந்தக் கவி அந்தச் சபையில் இருந்தாரா, பின்னால் வந்தவரா என்று தெலுங்கு அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய இன்னொரு நூல் 'கடிகாசல மாகாத்மியம்'. கடிகாசலம் என்பது வேறெதுவும் இல்லை, நான் உட்கார்ந்து எழுதும் இந்தச் சோளிங்கர் மலைதான். 1305 படி ஏறி யோக நரசிம்மரைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க உட்காரும் யாருக்கும், நம் சிரிப்புக்கார ராமன் பாடிய மலை இது என்று தெரியாது. எனக்கும் நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது.

ஆனால் கோமாளி ஆக்கியது தமிழர்கள்தான் என்பதை நான் ஒப்ப மாட்டேன். அந்தக் காப்பியத்திலேயே நிகம சர்மா என்ற ஊதாரி வருகிறான். திருத்த வந்த அக்காவின் பாசத்தில் இரண்டு நாள் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, ஒரு ராத்திரி வீட்டு நகைகளை வாரிக்கொண்டு ஓடிவிடுகிறான். பெற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்ள, அக்கா தன் மூக்கு நகைக்காக அழுகிறாள். துக்க வீட்டில் நின்றுகொண்டு அந்த மூக்கைக் கவனித்த கவியிடம்தான் ஜனங்கள் நானூறு வருஷக் குறும்புகளைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மாமனாரிடம் நிகம சர்மாவின் அக்காவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சண்டை நின்றுவிடும், ஒரு மணி நேரம் பேசுவார். கதைகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. திருத்தணி 1960 ஏப்ரலில்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்காக அங்கிருந்த ராமன் கதைகள் மொழி மாறிக்கொண்டா இந்தப் பக்கம் வந்தன?

இனி உங்கள் மகன் கேட்டது. ராஜா தலையை வெட்டச் சொல்லாமல் இல்லை, பல கதைகளில் சொல்கிறார். ராமனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து யானையை விட்டு மிதிக்கச் சொன்ன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழியே கூன் விழுந்த வண்ணான் ஒருவன் வருகிறான். "எனக்கும் கூன் இருந்தது, இப்படிப் புதைந்து நின்றேன், நிமிர்ந்துவிட்டது" என்கிறான் ராமன். வண்ணான் அவனைத் தோண்டி எடுத்துவிட்டுத் தான் இறங்கி நிற்கிறான். பிள்ளைகள் புத்தகத்தில் கதை இங்கே முடியும், அல்லது ராஜா மனமிரங்கி இருவரையும் விட்டுவிடுவார். எங்கள் பாட்டி சொன்னதில் யானை வந்தது. ராமன் தப்பினான், வண்ணான் தப்பவில்லை. பாட்டி அதற்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

புத்திசாலி என்பதால் தப்பினான் என்ற பதிலை இன்னொரு புத்திசாலியை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ராயர் அப்பாஜி கதைகள் நினைவிருக்கிறதா? அந்த அப்பாஜி, சாளுவ திம்மரசு. ராயரை அரியணையில் ஏற்றிய மந்திரி, ராயரே அப்பா என்று கூப்பிட்ட மனிதர். ராயரின் சின்னப் பிள்ளை இறந்தபோது விஷம் வைத்ததாகத் திம்மரசின் குடும்பத்தின்மேல் பழி விழுந்தது. ராயர் அவரைச் சிறையில் போட்டுக் கண்ணைப் பிடுங்கச் சொன்னார் என்று போர்த்துகீசியக் குதிரை வியாபாரி நூனிஸ் எழுதிவைத்திருக்கிறார். வடக்கே பீர்பாலுக்கும் கதைப் புத்தகத்து முடிவு வாய்க்கவில்லை. அக்பர் அவரை விகடம் பண்ண வைத்துக்கொள்ளவில்லை, படை கொடுத்து அனுப்பினார். 1586இல் வடமேற்கு மலைக் கணவாயில் யூசுஃப்சாய்களிடம் சிக்கிப் பல ஆயிரம் வீரர்களோடு செத்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஆக, புத்தி யார் தலையையும் காப்பாற்றவில்லை. கோமாளியைக் காப்பாற்றுவது வேறு ஒன்று. அதை நீங்கள் புத்தகத்தில் பார்க்க முடியாது, கூத்தில்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் துரியோதனன் சலங்கையை உதறுகிறான். கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேலே தெரிகிறது. முன்னால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன், கூம்புக் குல்லாயும் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளியுமாக. "யாருப்பா திரைக்குப் பின்னால, கரண்ட் ஆபீஸா?" திரை விலகுகிறது. "அடே காவலா! ஐம்பத்தாறு தேசத்து அரசர்களும் கப்பம் கட்டும் அஸ்தினாபுரத்து..." என்று ராஜா செந்தமிழில் ஆரம்பித்ததும் கட்டியன் ஜனங்கள் பக்கம் திரும்பினான். "ஐம்பத்தாறு தேசமும் கட்டுதாம். நம்ம பஞ்சாயத்துல தண்ணி வரி கட்டினவன் எத்தினி பேரு, கையைத் தூக்கு." ஒரு கையும் எழவில்லை, சிரிப்புதான் எழுந்தது. ராஜா பாட்டை முடித்து மூச்சு வாங்கும்போது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த தெலுங்குக் கிழவிகளைப் பார்த்து, "அம்மா, ஈயனகு கொஞ்செம் நீள்ளு இய்யண்டி, அரிச்சி அரிச்சி கொந்து எண்டிபோயிந்தி" என்றான். கத்திக் கத்தித் தொண்டை காய்ந்துபோயிற்றாம், தண்ணீர் கொடுக்கச் சொல்கிறான். ஒரு கிழவி நிஜமாகவே சொம்பை நீட்டினாள்.

துரியோதனன் சிரிக்கவில்லை. சிரித்தால் கிரீடம் இறங்கிவிடும். புஜக்கட்டையும் மார்பதக்கமுமாக அத்தனை கனத்தையும் சுமந்துகொண்டு, காதில் விழாதவனைப்போல் நின்றான். பந்தல் போட்டவனில் இருந்து தலைவர் வரை எல்லாரையும் கட்டியன் ஒரு பிடி பிடித்தான். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. பகலில் டீக்கடையில் இதே ஆள் இதையே சொல்லியிருந்தால் கைகலப்பு நடந்திருக்கும்.

இங்கே ராஜா பேசுவது பாதிப்பேருக்குப் புரியாத பேச்சு, கட்டியன் பேசுவது கூத்துக் களரியில் இருக்கும் எல்லாருடைய பேச்சும். அவன் ராஜாவின் சம்பளக்காரன் மாதிரி நிற்கிறான், ஆனால் நம் பக்கத்து ஆள். அவனை வெட்ட வேண்டுமென்றால் களரியையே வெட்ட வேண்டும்.

சமஸ்கிருத நாடகத்திலும் இதே ஏற்பாடுதான். ராஜாவின் நண்பனாக வரும் விதூஷகன் பிராமணன், ஆனால் சமஸ்கிருதம் பேசமாட்டான், பிராகிருதம்தான். குள்ளம், துருத்திய பல், வளைந்த முதுகு, சதா சோற்று நினைப்பு. கேரளத்துக் கூடியாட்டத்தில் அவன் மலையாளத்துக்கு இறங்கிவந்துவிட்டான். நாயகன் காதலியின் அழகைச் சுலோகமாகப் பாடினால், அதே சந்தத்தில் இவன் சாப்பாட்டைப் பற்றியோ வேலைக்காரக் கிழவியைப் பற்றியோ ஒரு எதிர்ப்பாட்டு விடுவான். அறம், பொருள், இன்பம், வீடு என்ற நாலுக்குப் பதிலாக அவனிடம் வேறு நாலு உண்டு: சாப்பாடு, ராஜசேவை, தாசி வீட்டு உல்லாசம், அந்தத் தாசியையே ஏமாற்றுவது. இதை விளக்கவே ராத்திரி ராத்திரியாகக் கூத்து நடக்கும். அந்த வேஷம் கட்டும் சாக்கியார் எதிரில் இருப்பவர் யாரானாலும் இழுத்துப் பேசலாம், எதிர்த்துப் பேசக் கூடாது என்பது வழக்கம். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் ஆடுகிறானே பறையூர்க் கூத்தச் சாக்கையன், அவனுடைய வழியில் வந்தவர்கள்தான் இவர்கள் என்பார்கள். செங்குட்டுவனின் வடதிசைப் பயணத்தில் நூறு நகைவேழம்பர்களும் போனார்கள் என்று இளங்கோ கணக்கே எழுதுகிறார். போருக்குப் போகும் ராஜாவுக்குச் சிரிப்பு மூட்ட நூறு பேர்!

மற்ற மந்திரிகள் முட்டாளா என்ற கேள்விக்கு மலையாளக் கவி குஞ்சன் நம்பியார் கதை ஒன்று இருக்கிறது. வரலாறா என்று கேட்காதீர்கள், கேரளத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு "கசக்கிறது" என்றார். சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் "ஆமாம், கசப்பு" என்று இலையை ஒதுக்கினார்கள். நம்பியார் மட்டும் வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உமக்குக் கசக்கவில்லையா?" "கசக்கிறது மகாராஜா. எனக்குக் கசப்புப் பாயசம் பிடிக்கும்."

இந்தக் கதையைப் பையனுக்குச் சொல்லிவிட்டு, இலையை ஒதுக்கியவர்கள் முட்டாளா என்று அவனையே கேளுங்கள். அவர்களுக்குப் பாயசம் இனிப்பது தெரியும். வீடு, நிலம், பல்லக்கு எல்லாம் ராஜா கொடுத்தது. நம்பியாருக்கும் ராஜா கொடுத்ததுதான் சோறு, ஆனாலும் அவர் பசியை மறைக்கவில்லை. விளக்குத் தூணைப் புகழ்ந்து புலவர்கள் ஆளாளுக்குப் பாடியபோது "தீபஸ்தம்பம் மஹாஸ்சர்யம், நமுக்கும் கிட்டணம் பணம்" என்று பாடியவராயிற்றே. தூண் பெரிய அதிசயம்தான், எனக்கும் காசு வேண்டும். மற்றவர்களும் காசுக்குத்தான் பாடினார்கள். அதைப் பாட்டுக்குள்ளேயே வைத்தவர் இவர் ஒருவர்.

நம் சிறுவர் புத்தகங்கள்மேல் என் கோபம் இங்கேதான். அவை கோமாளியின் பசியை எடுத்துவிட்டன, எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களையும் எடுத்துவிட்டன. மிஞ்சியது விடுகதைக்கு விடை சொல்லும் ஒரு நல்ல பையன். சுவரில் கோடு போட்டு அதைத் தொடாமல் சின்னதாக்கு என்கிற மாதிரிக் கணக்குகள். ராமன் கதை, பீர்பால் கதை, அப்பாஜி கதை, மரியாதைராமன் கதை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாகிவிட்டன. பெயரை மாற்றிப் போட்டால் யாருக்கும் தெரியாது. காளி வரம் தரும் கதையைப் பாருங்கள். ஆயிரம் முகத்தோடு வந்தவளைப் பார்த்து, "ஒரு மூக்கு ஒழுகினாலே என்னால் துடைத்து மாளவில்லை, தாயே, உனக்கு ஜலதோஷம் பிடித்தால் என்ன செய்வாய்?" என்று சிரிக்கிறான். பாலில் கல்வி, தயிரில் செல்வம், ஒன்றைக் குடி என்கிறாள். இரண்டையும் குடித்துவிடுகிறான். சமயோசிதம் என்று பாடம் சொல்கிறார்கள். ஏழைப் பிள்ளை, முன்னால் இரண்டு கிண்ணம், குடித்துவிட்டது. வேறென்ன செய்யும்?

பொய்யும் திருட்டும் சொல்லலாமா என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ராஜமாதா மாம்பழ ஆசையோடு செத்ததற்குப் பரிகாரமாகத் தங்க மாம்பழம் வாங்கிப்போன பிராமணர்களை, என் தாய் வாதத்துக்குச் சூடு போட்டுக்கொள்ளும் ஆசையோடு செத்தாள் என்று வரவழைத்து ராமன் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுக்கும் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். குழந்தைகளுக்குச் சூடும் தெரியும், பேராசையும் தெரியும். பூனைக்குக் கொதிக்கக் கொதிக்கப் பால் வைத்த கதையில் பூனைக்காக அழுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அழட்டும். ராமன் நல்லவன் என்று நாம் எங்கே சொன்னோம்? வண்ணான் கதையை மட்டும் உங்கள் மகனின் மனசைப் பார்த்துச் சொல்லுங்கள். யானை வருவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆந்திரத் தோல்பொம்மலாட்டத்தில் ஜுட்டுபோலிகாடு, பங்காரக்கா என்ற கோமாளிப் பொம்மைகள் பேசும் பேச்சு கூத்துக் கட்டியனையே வெட்கப்பட வைக்கும். அங்கேயும் முன்வரிசை முழுக்கப் பிள்ளைகள்தான். பாதி அவர்களுக்குப் புரிவதில்லை, புரிந்த பாதிக்கு உருண்டு உருண்டு சிரிக்கிறார்கள்.

கோடையில் நகரி, புத்தூர், திருத்தணி சுற்றுப்பக்கத்தில் எங்காவது பாரதம் வைப்பார்கள். மகனைக் கூட்டிப்போங்கள், மாமனாரையும்தான். பத்து மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள், பதினொன்றரைக்குப் போனால் போதும். பாய், போர்வை, கொசுவர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் உட்கார வேண்டாம், அன்றைக்குக் கட்டியனிடம் மாட்டுவது மாமனாராகத்தான் இருக்கும்.