லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் வேண்டுமா?

விண்டோஸிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு மாறியிருக்கிறீர்கள். ஆன்டிவைரஸும், வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலும் போட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வீட்டு லேப்டாப் என்றால் முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதை இயக்கிவிடுங்கள்.

லினக்ஸுக்கு வைரஸே வராது என்பதல்ல காரணம். பெரும்பாலான மென்பொருளை உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தே எடுக்கிறோம், கண்ட தளத்திலிருந்து இறக்குவதில்லை; பாதுகாப்பில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ரூட் அனுமதி (முழு நிர்வாகி அதிகாரம்) இல்லாமல் கணினியின் அடிப்படைக் கோப்புகளைத் தொட முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் படங்களைத் திருட ரூட் எதற்கு? 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் தளத்துக்குள்ளேயே ஹேக்கர்கள் புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் கோப்புக்கு) டவுன்லோட் இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். எங்கோ பார்த்த கட்டளையை யோசிக்காமல் சுடோவோடு (ரூட் அனுமதியோடு ஓடவைக்கும் சொல்) ஒட்டுகிற ஆளை எந்த ஸ்கேனரும் காப்பாற்றாது.

லினக்ஸுக்குக் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பீர்கள். அது மெயில் சர்வரில், விண்டோஸ்காரர்களுக்குப் போகும் மெயிலின் இணைப்புக் கோப்புகளைச் சலிக்கத்தான் அதிகம் உதவும்.

சரி, ஃபயர்வால். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி கூடவே வரும், ஆனால் அணைந்தே கிடக்கும். டெர்மினலில் 'sudo ufw enable' என்று கொடுத்தால் போதும்: வெளியே போவது போகும், தானாக உள்ளே வருவது நிற்கும். தொலைவில் இருக்கும் சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வழியாக இதைச் செய்கிறீர்களா? முதலில் எஸ்எஸ்எச்சை அனுமதியுங்கள். இல்லையென்றால் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். அப்புறம், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் திறந்துவிடும் போர்ட்டுகள் (நெட்வொர்க் வாசல்கள்) யுஎஃப்டபிள்யூ விதிகளுக்குக் கட்டுப்படாது. பலர் ஏமாறுவது அங்கேதான்.