விமானம் ஓட்டக் குடும்பத் தொடர்பு வேண்டுமா?

குடும்பத்தில் எவரும் விமானத்துறையில் இல்லாத ஒருவர், தொழிலுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக மட்டும் விமானம் ஓட்டக் கற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கற்கலாம். தனியார் விமானமோட்டி அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும், சர்வதேச விதிப்படி குறைந்தது 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். அதை வைத்துக் கூலிக்குப் பறக்க முடியாது.

எங்கள் குடும்பத்திலும் விமானம் ஓட்டியவர் எவருமில்லை. ஆயினும், அந்நாளைய இலங்கை விமான நிறுவனமான ஏர் சிலோனின் டகோட்டா விமானங்கள் மட்டக்களப்புக்கு வந்துபோன காலத்தில், அப்பப்பா அங்குள்ள திமிலதீவு விமானத்தளத்தில் புல் வெட்டவும், பொதி இறக்கவும், ஓடுபாதையில் ஏறிவிடும் மாடுகளை விரட்டவும் கூலிக்கு நின்றவர். அன்று வீசுவது வடகிழக்கு வாடையா தென்மேற்குக் கச்சானா என்று பார்த்தே, விமானம் எந்தப் பக்கத்தால் இறங்கும் என்பதை அவர் சொல்லிவிடுவார் என்று அப்பா பலமுறை கூறியிருக்கிறார்.

அதன் காரணத்தை நான் கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையில் பயிற்சி பெற்றபோதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். விமானம் காற்றை எதிர்த்து இறங்கினால், தரையைத் தொடும்போது அதன் தரைவேகம் குறைந்து, ஓடி நிற்கத் தேவையான தூரமும் குறையும். எங்கள் ஊர் ஓடுபாதையின் ஒரு முனை 06, மறுமுனை 24. அதாவது திசைகாட்டியில் ஏறத்தாழ 60 பாகையும் (வடகிழக்கு) 240 பாகையும் (தென்மேற்கு) நோக்கி இறங்குபவை. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும்போது 06 முனையும், ஆண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டைக் கடந்து காய்ந்து சூடேறி வரும் கச்சான் வீசும்போது 24 முனையும் பயன்படுகின்றன. எழுத்து வாசனை குறைந்த ஒரு கூலியாள் இதைக் கண்ணால் கற்றிருந்தார் என்பதை நினைக்கையில் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

போர்க்காலத்தில் அத்தளம் விமானப்படையிடம் இருந்தது. அப்பா அதன் வேலிப்பக்கம்கூடப் போனதில்லை. 2016இல் சீரமைக்கப்பட்டு உள்நாட்டுப் பயணிகள் சேவைக்குத் திறக்கப்பட்ட பின்னரே, அங்கு அவரை அழைத்துச் செல்லலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

அனுமதிப்பத்திரம் கிடைத்த மறு ஆண்டு ஆடி மாதத்தில், பறப்புத் திட்டமும் உரிய அனுமதிகளும் முடிந்து, நான்கு இருக்கைகள் கொண்ட ஒரு செஸ்னா 172 விமானத்தில் நானும் அப்பாவும் இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டோம். கிளம்புமுன் தாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை ஒரு தெளிந்த குவளையில் வடித்து அப்பாவிடம் காட்டினேன். தண்ணீர் கனமானது என்பதால், கலந்திருந்தால் நீல நிறப் பெற்றோலின் கீழே நிறமற்றுத் தங்கிவிடும். அது இயந்திரத்துக்குப் போனால், இயந்திரம் வானிலேயே நின்றுவிடலாம். அவர் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிற்பகலானால் மலைகளின் மேல் முகில் கட்டும் என்பதால் காலையிலேயே கிளம்பி, மலைநாட்டை வடக்கே சுற்றிச் சென்றோம்.

மட்டக்களப்பு வாவி தெரியத் தொடங்கியதும், கீழே நீரில் அலை ஓடும் திசையைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: “மகன், கச்சான்தான். கடல் பக்கத்தாலதான் இறங்க வேணும்.” கட்டுப்பாட்டுக் கோபுரமும் 24ஐயே கொடுத்தது. கல்லடிப் பாலத்தையும் புளியந்தீவையும் கீழே பார்த்தபடி இறங்கினோம்.

நீங்கள் தொடங்குவதானால், பயிற்சிக் கட்டணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். கண்ணிலோ இதயத்திலோ குறையிருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை, தினமும் காலையில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்துக் குறித்து வாருங்கள்.