பாடக் கேட்டிருக்கிறேன்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயத்தை எழுதித் தரச் சொன்னார்கள். 'ஐ சா ஹிம் டு லீவ்' என்று எழுதினேன். மேலாளர் அந்த 'டு'வை அடித்துவிட்டார். மறுநாள் அவரே 'ஹி வாஸ் சீன் டு லீவ்' என்று எழுதியிருக்கிறார்! அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? 'லீவிங்' என்று போட்டிருந்தால் தப்பித்திருப்பேனா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேலாளர் மேல் கோபம் வேண்டாம், இரண்டுமே சரிதான். சீ, ஹியர், ஃபீல், வாட்ச் போன்ற வினைகளுக்குப் பின்னால் 'டு' இல்லாத வெறும் வினை வரும். நமக்கு இது புதிதல்ல. 'அவர் பாடக் கேட்டிருக்கிறேன்' என்கிறோமே, அந்தப் 'பாட'தான் 'ஐ ஹேவ் ஹர்ட் ஹிம் சிங்' என்பதில் வரும் 'சிங்'. இரண்டுமே காலம் காட்டாது. காலம் காட்டும் வேலையைக் 'கேட்டிருக்கிறேன்', 'ஹேவ் ஹர்ட்' என்ற வினைகள் பார்த்துக்கொள்ளும். நம்மவர்கள் அடிக்கடி எழுதும் 'ஐ சா ஹிம் லெஃப்ட்' தவறாவது இதனால்தான். (தமிழில் 'பார்'ரோடு மட்டும் ஜாக்கிரதை. 'போகப் பார்த்தேன்' என்றால் கதையே வேறு.)

'லீவிங்' இலக்கணப்படி சரி, ஆனால் பொருள் கொஞ்சம் நகரும். 'ஐ சா ஹிம் க்ராஸ் த ரோட்' என்றால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய்ச் சேரும்வரை பார்த்தேன். 'க்ராஸிங்' என்றால் என் கண்ணில் பட்டபோது நடுச்சாலையில் இருந்தார், போய்ச் சேர்ந்தாரா என்பது அதில் இல்லை. சந்தேகமிருந்தால் பின்னால் 'ஆனால் பாதியில் திரும்பிவிட்டார்' என்று ஒட்டிப் பாருங்கள். 'க்ராஸிங்'கோடு ஒட்டும், 'க்ராஸ்' உதைக்கும். நொடியில் முடிகிற செயலில் வித்தியாசம் வேறு மாதிரி: 'ஹர்ட் ஹிம் காஃப்' பெரும்பாலும் ஒரே இருமல், 'காஃபிங்' தொடர் இருமல். 'ஸ்மெல்'லுக்கு இந்த வசதியே கிடையாது. 'ஐ ஸ்மெல் சம்திங் பர்னிங்' மட்டும்தான்.

'சீ', 'ஹியர்' இரண்டும் செயப்பாட்டுவினையானதும் ஓடிப்போன 'டு' திரும்பி வந்துவிடும். 'மேக்'கிலும் இதே கூத்து: 'தே மேட் மீ வெயிட்', ஆனால் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்'. 'லீவிங்' மட்டும் அசையாது, 'வாஸ் சீன் லீவிங்' என்றே நிற்கும்.

சரி, ஒன்று கேட்கிறேன். அவர் கிளம்பியதைப் பார்த்தீர்களா, காலி நாற்காலியைப் பார்த்தீர்களா? நாற்காலிதான் என்றால் எழுத வேண்டியது 'ஐ சா தட் ஹி ஹேட் லெஃப்ட்'.