பேஸ்மென்ட்டில் கட்டிய பீர் குளிரறை: மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். பேஸ்மென்ட்டில் சிறிய பார் அமைத்து, அதை ஒட்டி இரண்டு பீர் பீப்பாய்கள் வைக்கக் குளிரறை ஒன்று கட்டச் சொன்னோம். எல்லாம் வாய்ப்பேச்சுதான், கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் இல்லை. கான்ட்ராக்டர் சுவர் முழுக்க ஃபோம் பலகை ஒட்டி, புதிய மின் இணைப்பும் இழுத்தார். பெர்மிட் தேவையில்லை என்றார். இப்போது நகராட்சியிலிருந்து அபராதத்துடன் விதிமீறல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அவரோ மீதி 4,000 டாலரைக் கேட்டு, வீட்டின் மேல் லீன், அதாவது பாக்கிப் பணத்துக்காகச் சொத்தின் மேல் பதியும் உரிமைக் கோரிக்கை, போடுவேன் என்கிறார். கொடுக்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது அந்த நோட்டீஸைத்தான். அது கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) கட்டுமான மேல்முறையீட்டு வாரியத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கெடு தவறினால் அபராதத்தை எதிர்ப்பது மிகவும் கடினம். அதே வாரத்தில் நகராட்சியின் கட்டுமான அதிகாரியை நேரில் பார்த்து, நடந்த வேலைக்கே பெர்மிட் கேளுங்கள். தானாக முன்வந்து சரிசெய்பவரிடம் அதிகாரிகள் பெரும்பாலும் தணிந்தே பேசுகிறார்கள்.

பெர்மிட்டை வெறும் காகிதமாக நினைக்காதீர்கள். ஃபோம் எளிதில் தீப்பற்றும். அதன் புகை நஞ்சு. அதனால்தான் வீட்டின் உட்புறத்துக்கும் ஃபோமுக்கும் நடுவே, பொதுவாக அரை அங்குல ஜிப்சம் பலகையாவது தடுப்பாக இருக்க வேண்டும் என்கிறது குடியிருப்புக் கட்டட விதி. உங்கள் சுவரில் அது இருக்கிறதா? புதிய மின் இணைப்பையும் ஆய்வாளர் பார்த்தாக வேண்டும். மேலே பிள்ளைகள் தூங்கும் வீடு என்றால் ஆய்வு முடியும் வரை அந்த இணைப்பை அணைத்தே வையுங்கள். பீப்பாயிலிருந்து பீரை வெளியே தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும் இப்போது உள்ளே வைக்க வேண்டாம். கசிந்தால் அந்த வாயு தாழ்வான இடத்தில் தேங்கும், மூச்சுத் திணறும்.

இனி கான்ட்ராக்டர். 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு மேம்பாட்டு வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதில் அவருடைய பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தேவையான பெர்மிட்டுகள் கிடைத்தனவா என்று உறுதி செய்யாமல் வேலையைத் தொடங்குவதும் விதிமீறல்தான். இவற்றை மீறினால் அது நுகர்வோர் மோசடிச் சட்டத்தின் கீழ் வரும். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததா என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. இழப்பை மட்டும் கணக்கோடு காட்டினால் மும்மடங்கு இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் கேட்கலாம். சமையலறை வேலை தொடர்பான காக்ஸ் எதிர் சியர்ஸ் வழக்கில் 1994-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இந்த வழியில்தான் வீட்டுக்காரருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

லீன் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கட்டுமான லீன் நிற்காது. ஆனால் பணத்தைப் பேசாமல் நிறுத்தி வைக்காதீர்கள். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள். சுவரில் கைவைக்கும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். வேறொரு பதிவுபெற்ற கான்ட்ராக்டரிடம் சரிசெய்யும் செலவுக்கு எழுத்து மதிப்பீடு வாங்குங்கள். உங்கள் இழப்பின் கணக்கு அதுதான். வேலை முடிந்தது என்று ஒரு படிவத்தை அவர் நீட்டினால், எவ்வளவு கெஞ்சினாலும் அதில் கையெழுத்திடாதீர்கள்.