சந்தைக் கழிவை அப்படியே வயலில் கொட்டலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் செம்மண் நிலத்தில் கத்தரி போடுகிறேன். காய்கறி சந்தைக் கழிவும் பலாச் சக்கையும் டிராக்டர் டிராக்டராகச் சும்மாவே கிடைக்கிறது. அப்படியே கொட்டி உழுதுவிடலாமா?

பதில்: வேண்டாம். பச்சைக் கழிவு மண்ணுக்குள் காற்றில்லாமல் அழுகினால் புளித்துப்போய் இளம் வேரைக் கெடுக்கும், ஈயும் மொய்க்கும். அதைவிடப் பெரிய பயம், சந்தையில் கழித்துப்போட்ட கத்தரி, தக்காளி, மிளகாயோடு வரும் நோய்க்கிருமி. மூன்றும் ஒரே குடும்பம், உங்கள் செடிக்கு நேராகத் தொற்றும். கும்பியாக, அதாவது குவியலாகப் போட்டுச் சூடேற்றி மட்க வைத்த பிறகுதான் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பலாச் சக்கையில் நீர் அதிகம், தனியாகக் குவித்தால் நாறிவிடும். உங்கள் ஊரில் முந்திரிச் சருகுக்குப் பஞ்சமில்லையே! ஈரக் கழிவு ஒரு கூடைக்குச் சருகு இரண்டு கூடை போடுங்கள். சக்கையைத் துண்டு துண்டாக வெட்டி, அடுக்குக்கு அடுக்கு சாணக் கரைசல் தெளித்து, 5 அடி உயரத்துக்குக் குவியுங்கள். மூன்று அடிக்குக் குறைந்தால் சூடு நிற்காது.

நாலைந்து நாளில் நடுவில் கடப்பாரையைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாமல் கை சுட வேண்டும். 55 முதல் 65 டிகிரி வரை சூடு வந்தால்தான் கிருமி சாகும். ஓரத்தில் இருப்பது சூடாகாது, அதனால் வாரம் ஒருமுறை ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்டுங்கள். ஒரு கைப்பிடி உரத்தை அள்ளி அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் கசியலாம், ஒழுகக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. சருகு சேர்த்துப் புரட்டினால் சரியாகும்.

மூன்று மாதமாகும். புரட்டியும் சூடேறாமல், மண் வாசனை வந்தால் முடிந்தது. சந்தேகமா? தொட்டியில் பாதி மண் கலந்து பாசிப்பயறு விதையுங்கள். முளை மஞ்சளித்தால் இன்னும் சில வாரம் விடுங்கள். சருகு பாதி மட்கியபடி நின்றிருந்தால் அது பயிரின் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடுங்கிக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று, தரம் பிரிக்காத ஊர்க் குப்பை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் சலித்து எடுக்கலாம். பேட்டரியிலிருந்து கசிந்த ஈயத்தையும் காட்மியத்தையும் எந்தச் சல்லடையாலும் எடுக்க முடியாது.

பலா சீசனிலேயே கும்பி போட்டால் ஐப்பசி மழைக்கு முன் உரம் தயாராகிவிடும். தப்பினால் மேட்டில் வைத்துக் கீற்றால் மூடுங்கள். கத்தரிக்கு ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் பரிந்துரை. அதில் பாதியை இந்த உரமாகக் கடைசி உழவில் போடலாம்.